மூன்றில் ஒரு பாடமாகப் பொருளியல்

2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 730 ரூபா. அடிப்படைச் சம்பளம் 500, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, வரவுக் கொடுப்பனவு 60, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. 2019 ஜனவரியில் வந்த அடுத்த ஒப்பந்தம் அந்த 140ஐயும் 60ஐயும் நீக்கிவிட்டு, அடிப்படைச் சம்பளத்தை 700 ஆகவும் விலைப்பங்கை 50 ஆகவும் உயர்த்தியது. மொத்தம் 750. அடிப்படைச் சம்பளமே ஆயிரம் வேண்டும் என்று மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இவ்வளவு போராடியும் இருபது ரூபாதானா என்ற கேள்வி ஊவா மாகாணத்தின் பண்டாரவளையிலும் பசறையிலும் பதுளையிலும் எழுந்தது. கோபம் நியாயமானது. ஆனால் அந்த இருபது ரூபா முழுக் கணக்கு ஆகாது.

ஊழியர் சேமலாப நிதிக்கான கழிவு அடிப்படைச் சம்பளத்தில்தான் விழுகிறது. தொழிலாளியின் பங்கு 8 சதவீதம். 500இல் அது 40 ரூபா, 700இல் 56. ஆகவே முன்பு எல்லாக் கொடுப்பனவும் பெற்று 690 ரூபா கையில் வாங்கியவருக்குப் புது ஒப்பந்தத்தில் கிடைத்தது 694. உயர்வு நாலு ரூபா. மறுபக்கம், நிர்வாகம் போடும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 சதவீதமும் சேர்த்துப் பார்த்தால் அவர் பெயரில் சேரும் பணம் நாளொன்றுக்கு 115இலிருந்து 161 ஆகிறது. அதாவது ஓய்வுகாலத்துக்கு 46 ரூபா கூடுதல். இன்னொருத்தி இருக்கிறாள்: வரவும் போதாது, பறிக்க வேண்டிய கிலோவும் எட்டவில்லை. அவளுக்கு முன்பு 530இல் கழிவு போக 490தான் கையில் கிடைத்தது. புது ஒப்பந்தத்தில் 694. உயர்வு 204. ஒரே ஒப்பந்தம் ஒருவருக்கு நாலு ரூபா, ஒருவருக்கு இருநூற்று நாலு. பழைய முறையில் கூடுதல் கிலோவுக்காகத் தூண்டிலாக வைத்திருந்த 140 ரூபாவை நிர்வாகம் இழந்துவிட்டது. அடுத்த முறை அது கிலோக் கணக்கின் மேல் கைவைக்கும் என்று அன்றே ஊகித்திருக்கலாம். அப்படியேதான் நடந்தது.

இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், சதவீதம் போதும். ஆனால் எதைக் கூட்டுவது, யாருக்காகக் கூட்டுவது, தூண்டுதல் மாறினால் நடத்தை எப்படி மாறும் என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அதைத்தான் பொருளியல் கற்பிக்கிறது. ஊவாத் தோட்டங்களுக்குத் தேவை நாலைந்து பெரிய பொருளியலாளர்கள் என்பதைவிட, வேறொன்றைப் படிக்கும்போது பொருளியலையும் ஒரு பாடமாகப் படித்த நானூறு ஐந்நூறு பேர் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதற்கு இடம் நெடுங்காலமாகவே உண்டு. கலைப் பீடத்தில் பொதுப் பட்டம் படிப்பவர் மூன்று பாடங்களை எடுப்பார். தமிழ், புவியியல், பொருளியல் என்றோ, அரசறிவியல், பொருளியல், இந்து நாகரிகம் என்றோ. சிறப்புப் பட்டம் படிப்பவருக்கும் துணைப் பாடம் உண்டு. தோட்டப் பாடசாலையில் சேர்ந்துவிட்டு வெளிவாரியாகப் பட்டம் முடிக்கும் ஆசிரியர்களும் இப்படித்தான் பாடங்களைச் சேர்க்கிறார்கள். மூன்றில் ஒன்றாகப் பொருளியலை எடுத்தவர் பெரும்பாலும் அதை வைத்து வேலை தேடுவதில்லை. அவர் தமிழாசிரியராகிறார், கிராம உத்தியோகத்தராகிறார், வங்கியில் எழுதுவினைஞராகிறார், நிருபராகிறார், தொழிற்சங்க அலுவலகத்தில் உட்காருகிறார். தோட்டத்துக்கும் கொழும்புக்கும் நடுவே நின்று கடிதமும் சுற்றறிக்கையும் வர்த்தமானியும் வாசித்துச் சொல்லும் ஆட்கள் இவர்கள்தான்.

ஊவா மாகாணத்தின் அரச பல்கலைக்கழகம் 2005இல் வந்தது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஏற்றுமதி விவசாயம், தேயிலைத் தொழில்நுட்பம், முகாமைத்துவம், சுற்றுலா எனப் பெறுமதி சேர்க்கும் துறைகளை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. கலைப் பீடம் இல்லை. பொருளியல் இங்கே இன்னொரு பட்டத்துக்குள் சில அலகுகளாக வரும் பாடம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலையை வாட்டுவதும் அரைப்பதும் படிக்கிற ஒரு மாணவர் அதே பருவத்தில் ஏல விலையையும் கூலியையும் படிப்பாரானால், தனியே பொருளியல் மட்டும் படித்தவரைவிடத் தேயிலையைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியும். உண்மையான குறை வேறு. அந்த அலகுகளின் உதாரணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே அது.

துணையாகப் படித்த பொருளியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு தோட்டத் தீவு சாட்சி. ஆர்தர் லூயிஸ் 1915இல் கரீபியனின் சென்ட் லூசியாவில் பிறந்தார். பெற்றோர் ஆசிரியர்கள். அவருக்குப் பொறியியல் படிக்க ஆசை. ஆனால் கறுப்பினப் பொறியியலாளருக்கு அரசாங்கமும் வேலை தராது, வெள்ளைக்காரக் கம்பனிகளும் தரா. ஆகவே ஊருக்குத் திரும்பி வந்து பிழைக்க உதவும் என்று இலண்டனில் வணிகமாணிப் பட்டத்துக்குச் சேர்ந்தார். கணக்கியல், வணிகச் சட்டம் ஆகியவற்றுக்கிடையே பொருளியல் ஒரு பாடமாக வந்தது. அது என்ன பாடம் என்றே அதுவரை அவருக்குத் தெரியாது. 1939இல் மேற்கிந்தியத் தொழிலாளர் கிளர்ச்சிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1954இல், வரம்பின்றிக் கிடைக்கும் உழைப்பைக் கொண்டு ஒரு பொருளாதாரம் எப்படி வளர்கிறது என்ற கட்டுரையை எழுதினார். 1979இல் நொபெல் பரிசு.

லூயிஸ் பிற்காலத்தில் சொன்ன ஒரு விளக்கம் ஊவாவில் ஒவ்வொரு உயர்தர வகுப்பிலும் பேசப்பட வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கோடி ஐரோப்பியர்கள் குளிர்நாடுகளில் குடியேறினார்கள்; அதேயளவு இந்தியரும் சீனரும் வெப்பநாட்டுத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். ஐரோப்பியரை அழைத்துவர அவர்களுடைய ஊர் விவசாயத்தில் கிடைத்ததைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விவசாயத்தின் விளைச்சல் அதிகம், ஆகவே கூலியும் அதிகம். இந்தியரை அழைத்துவர, பஞ்சத்தில் காய்ந்த வயலின் வருமானத்தைவிடச் சற்று மேலே கொடுத்தால் போதும். ஆகவே கம்பளியும் கோதுமையும் விற்ற நாடுகள் செழித்தன, தேயிலையும் இறப்பரும் விற்ற நாடுகள் தேங்கின. தேயிலை அதன் இயல்பிலேயே மலிவான பொருள் என்பதில்லை. அதைப் பறித்தவருக்கு வேறு வழி இல்லாதிருந்தது. திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கங்காணிக்குப் பின்னால் நடந்துவந்த நம் கொள்ளுப்பாட்டன்மாரின் கதையை இரங்கல் இல்லாமல், காரணகாரியமாகச் சொல்லும் விளக்கம் இது. சென்ட் லூசியாவில் பிறந்த ஒருவருக்குத்தான் இது தோன்றியது என்பது தற்செயலன்று.

இலங்கையிலும் பெருந்தோட்டத்தைப் பொருளியல் கண்ணால் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. எஸ். பி. டி. த சில்வா 1982இல் வெளியிட்ட நூல், தோட்டங்கள் பார்வைக்கு நவீன முதலாளித்துவமாகத் தெரிந்தாலும் மலிவுக் கூலியையே சார்ந்திருந்ததால் தொழில்நுட்பத்தை மாற்றும் கட்டாயம் அவற்றுக்கு வரவில்லை என்று வாதிட்டது. பேராதனையில் பொருளியல் பேராசிரியராக இருந்த மு. சின்னத்தம்பி தோட்டப் பொருளாதாரத்தையே தன் ஆய்வுக் களமாகக் கொண்டிருந்தார். ஆனாலும் கூட்டிப் பார்த்தால் நம்மிடையே கதைக்காரர்களும் கவிஞர்களும் கிடைத்த அளவுக்குக் கணக்குக்காரர்கள் கிடைக்கவில்லை. பதுளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்த தெளிவத்தை ஜோசப் பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்கு வேலைதான் பார்த்தார். அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது இலக்கியம். அது பெரிய கொடைதான். ஆனால் கம்பனியின் ஆண்டறிக்கையை வாசித்துத் தோட்டத்துக்குச் சொல்லும் வேலை அப்படியே கிடக்கிறது.

அந்த வேலை எப்படிக் கிடக்கிறது என்பதற்கு 2021 முதல் 2024 வரையான காலம் போதும். கூட்டு ஒப்பந்தப் பேச்சு முறிந்தபின் சம்பள நிர்ணய சபை மூலம் 2021 மார்ச்சில் 900 ரூபா சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரம் வந்தது. அன்றைய நாணயமாற்றுப்படி அது ஐந்து டொலர். ஓராண்டுக்குள் ரூபா சரிந்தது. 2022 நடுப்பகுதியில் ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் என்ன விலை விற்றன என்று தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆயிரம் 2024 செப்டெம்பர் வரை ஆயிரமாகவே நின்றது. இடையில் 1,700 என்று மே தினத்தில் அறிவிக்கப்பட்டு, நீதிமன்றத்தில் தடைபட்டு, கடைசியில் 1,350இல் வந்து முடிந்தது.

இதே காலத்தில் தேயிலைக்கு என்ன ஆனது? டொலரில் விற்கும் பொருள் என்பதால் ரூபா சரிந்தபோது ஏல விலை ரூபாவில் ஏறியது. 2021இல் கிலோவுக்கு 620 ரூபா அளவில் இருந்த கொழும்பு ஏலத்தின் ஆண்டுச் சராசரி 2022இல் 1,270 ரூபா அளவுக்குப் போனது, இரண்டு மடங்கு. கம்பனிகளின் பக்கமும் சொல்ல வேண்டும். இரசாயனப் பசளைத் தடையால் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு விழுந்தது. எரிபொருளும் பசளையும் பல மடங்கு ஏறின. ஆனாலும் விலையின் ஏற்றத்தில் ஒரு பகுதிகூட நாட்சம்பளத்துக்கு வர வழியிருக்கவில்லை. வழி இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலாளி கெட்டவரா நல்லவரா என்பது இரண்டாம் பட்சம்.

பக்கத்துக் காணிக்காரரைப் பார்த்தால் இது விளங்கும். இன்று இலங்கைத் தேயிலையில் முக்கால் பங்கு அளவு சிறுதோட்ட உடைமையாளர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. அவர் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்கு விலை சூத்திரப்படி: தேறிய விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. ஏல விலை இரட்டித்தால் அவருடைய கொழுந்து விலையும் தானாக ஏறும். இறங்கினால் இறங்கும். நாட்சம்பளக்காரருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் காப்புறுதியில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்தக் காப்புறுதி ரூபாவில் எழுதப்பட்டது. விலைவாசி ஏறினால் அது தானே கரைந்துவிடும். விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை, நிலையான கூலி என்ற இரண்டில் ஆபத்தை யார் சுமக்கிறார், முயற்சிக்கான தூண்டுதல் யாருக்கு என்பது 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் பொருள். பல்கலைக்கழகத்தில் அது பீகார் வயலையோ அமெரிக்கப் பருத்தித் தோட்டத்தையோ உதாரணமாக வைத்துப் படிப்பிக்கப்படுகிறது. ஹாலி-எலவில் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் நாட்சம்பளம், அந்தப் பக்கம் 68:32. இதைவிட நல்ல உதாரணத்தை எந்தப் பாடநூலாசிரியர் கண்டுபிடிப்பார்?

விலைப்பங்குக் கொடுப்பனவு என்று 2016இல் 30, 2019இல் 50 ரூபா போட்டார்களே, அது இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே ஒரு பாலமாகப் பெயரளவில் வந்ததுதான். பெயரில் விலை இருந்தது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகையோ நிலையானது. விலையோடு ஏறாத விலைப்பங்கு எதற்கு என்று அன்று மேசையில் யாராவது கேட்டிருந்தால், 2022இல் கதை வேறாக இருந்திருக்கும்.

இனி 'பேர்' விவகாரம். ஒரு நாள் வேலை செக்ரோல் என்ற வரவேட்டில் பேராக விழ வேண்டுமானால் இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் நிர்ணயிக்கிறது. எட்டாவிட்டால் அரைப் பேர். 18 கிலோவுக்கு 750 ரூபா கொடுத்த ஒரு தோட்டம், ஆயிரம் வந்தபின் 20 கிலோ கேட்டால் என்ன நடக்கிறது? நாட்சம்பளம் 33 சதவீதம் ஏறியிருக்கிறது. கிலோவுக்கான கூலி 41 ரூபா 67 சதத்திலிருந்து 50 ஆகியிருக்கிறது. 20 சதவீத ஏற்றம். வழக்கமாக 18, 19 கிலோ பறிக்கும் ஒருத்திக்கு அரைப் பேர் விழுந்து 500 ரூபா கிடைத்தால், வர்த்தமானி அவளுடைய சம்பளத்தைக் குறைத்திருக்கிறது. விலையை அரசு நிர்ணயித்தால் அளவைச் சந்தை மாற்றும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. ஆயிரத்துக்காகப் பல ஆண்டு முழங்கியவர்களில் எத்தனை பேர் கிலோவையும் சேர்த்து நிர்ணயிக்கக் கேட்டார்கள் என்று யோசித்தால் கசப்பாக இருக்கிறது.

ஊவாவுக்கே உரிய ஒரு முடிச்சும் இதில் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஊவாச் சரிவுகளை உலர்த்துகிறது. கொழுந்து மெதுவாக வளரும். ஆனால் அதில் ஏறும் வாசனைக்காகவே ஊவாத் தேயிலை உலகப் பெயர் பெற்றது. ஆண்டின் மிக நல்ல விலை கிடைக்கும் வாரங்கள் அவை. அதே வாரங்களில்தான் செடியில் கொழுந்து குறைவு, பேர் போடுவது கடினம். பொருளின் பெறுமதி உச்சத்தில் இருக்கும்போது அதைப் பறிப்பவரின் நாள் பாதியாகும் ஆபத்து. எடையை மட்டும் அளந்து தரத்தை அளக்காத கூலிமுறையின் விளைவு இது. நிர்வாகங்கள் வரட்சியில் கிலோவைக் குறைப்பதும் உண்டு, குறைக்கக் கேட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தகராறு வருவதும் உண்டு. பருவத் தேயிலைக்கான கூடுதல் விலை யாருக்குப் போகிறது என்பது பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் எழுப்பிய நில வாடகைக் கேள்வியின் நேரடி உருவம். ஹப்புத்தளையில் லிப்டன் 1890இல் தோட்டம் வாங்கிய காலத்திலிருந்து அந்தக் கேள்வி அங்கே நிற்கிறது.

இதெல்லாம் சரி, மூன்றில் ஒரு பங்குப் பொருளியல் ஆபத்தில்லையா என்று ஒரு பேராசிரிய நண்பர் கேட்டார். ஆபத்துத்தான். முதலாம் ஆண்டில் கேள்வி, நிரம்பல் கோடுகளை வரைந்து, குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலையில்லாதோர் பெருகுவர் என்று ஒரு முக்கோணத்தைக் காட்டுவார்கள். அத்தோடு பாடத்தை விட்டுவிட்டவர் வாழ்நாள் முழுவதும் அந்த முக்கோணத்தையே நீட்டிக்கொண்டிருப்பார். தோட்டக் கூலியை உயர்த்தவே முடியாது என்ற பேச்சில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் படத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: உழைப்பை வாங்குவோர் பலர், தொழிலாளி ஓரிடம் பிடிக்காவிட்டால் மற்ற இடத்துக்குப் போவார். லயத்தில் பிறந்து, வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்திடம் இருக்கிற இடத்தில் அந்த அனுமானம் நிற்காது. வாங்குவோர் ஒருவரே இருக்கும் சந்தையை 1933இல் ஆராய்ந்து அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் கொடுத்தவர் ஜோன் ரொபின்சன். அப்படிப்பட்ட சந்தையில் கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலை குறையாமலும் இருக்கலாம், கூடவும் செய்யலாம் என்பது அந்தப் பகுப்பாய்வின் முடிவு. அதே ஜோன் ரொபின்சன் 1950களின் இறுதியில் இலங்கைக்கு அழைக்கப்பட்டு இந்நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதினார். 1959இல் அது அச்சானது. அவருடைய இந்தக் கருவியை ஊவாத் தோட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கும் வேலை இரண்டாம் ஆண்டு மாணவருக்கே எட்டும் வேலை.

வைத்துப் பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒன்றுபோல இராது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டங்கள் உண்டு. கிழங்கு நடுகைக்கும் கோவா அறுவடைக்கும் நாட்கூலிக்கு ஆள் தேடுவார்கள். எல்லவில் விடுதிகள் பெருகிவிட்டன. அங்கெல்லாம் தோட்ட நிர்வாகம் ஒற்றை முதலாளி இல்லை. கூலி போதாவிட்டால் ஆள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு வராது. மடுல்சீமைக்கு உள்ளே, பஸ் அருமையாக வரும் பிரிவுகளில் நிலைமை வேறு. ஒரே வர்த்தமானி இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக வேலை செய்யும். நாடு முழுவதும் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் பதிவிலுள்ள தொழிலாளர் தொகை 1992இல் கம்பனிகள் நிர்வாகத்தை ஏற்றபோது இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் தாய்மார் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். லூயிஸ் சொன்ன வரம்பற்ற உழைப்பு இங்கே தீர்ந்துகொண்டிருக்கிறது. தீர்ந்த பிறகும் கூலி ஏன் ஏறத் தயங்குகிறது என்பதை யாராவது நல்ல ஆய்வேடாக எழுத வேண்டும். பதுளை மாவட்டத்துக்குள்ளேயே இருபது மைல் சுற்றினால் அதற்கான தரவு கிடைக்கும்.

புள்ளிவிவரத்தை வாசிப்பது இன்னொரு பக்கம். அரசின் வீட்டு வருமான செலவின ஆய்வு 2016இல் தோட்டத்துறை வறுமை 8.8 சதவீதம் என்றது. 2019இல் அதே ஆய்வு 33.8 சதவீதம் என்றது. மூன்றே ஆண்டில் நாலு மடங்கு என்று இதை மேடையில் முழங்கினால் கைதட்டு விழும். ஆனால் நாட்டின் மொத்த வறுமையும் அதே இடைவெளியில் 4.1இலிருந்து 14.3க்குத் தாவியிருப்பதைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். இடையில் வறுமைக் கோட்டையே புதுப்பித்துவிட்டார்கள். 2002ஆம் ஆண்டுச் செலவுப் பழக்கத்தை வைத்துப் போட்ட கோட்டுக்குப் பதிலாக 2012/13ஐ வைத்துப் புதுக் கோடு. தாவலின் பெரும்பகுதி அதனால் வந்தது. ஆகவே வறுமை திடீரெனப் பெருகவில்லை. பழைய கோடு அதை அவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தது. எனக்கு இரண்டாவது செய்திதான் பெரிய குற்றச்சாட்டாகப் படுகிறது. தோட்டத்துறையின் வறுமை பத்துக்குக் கீழே வந்துவிட்டதாக ஒரு காலத்தில் பல அறிக்கைகள் பெருமைப்பட்டன.

இப்படி மறைக்கும் எண் பல்கலைக்கழக அனுமதியிலும் உண்டு: மாவட்டச் சராசரி. முகாமைத்துவம் முதல் மருத்துவம் வரை பல பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் தகுதிப்படி, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்தவர்கள் மலையகத் தமிழர். மாவட்டத்துக்கு வரும் சலுகை நகரப் பெரும் பாடசாலைக்கும் மலையுச்சித் தோட்டப் பாடசாலைக்கும் ஒரே இசட் வெட்டுப்புள்ளியாகத்தான் வருகிறது. மாவட்டம் பின்தங்கியது, அதற்குள் யார் பின்தங்கியவர் என்று ஒதுக்கீடு கேட்பதில்லை.

தோட்டப் பிள்ளைகள் பொருளியலை ஏன் தவிர்க்கிறார்கள் என்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சாதாரண தரக் கணிதத்தில் பட்ட அடி. உயர்தரத்தில் கலைப் பிரிவுக்குப் போகும் மாணவி வரைபும் சமன்பாடும் வரும் பாடத்தைக் கண்டால் ஒதுங்கி, மனனம் செய்யக்கூடிய பாடத்துக்குப் போகிறாள். இசட் புள்ளிக் கணக்கில் அது புத்திசாலித்தனமான முடிவுகூட. ஆசிரியர் பற்றாக்குறை அடுத்தது. வர்த்தகப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் நகரை ஒட்டியவை. லுணுகலைக்கு அப்பாலிருந்து தினமும் வந்துபோக பஸ் கட்டணமே ஒரு கூலி.

நூல்கள் பற்றி நான் அவ்வளவு அழ மாட்டேன். மத்திய வங்கி தன் வருடாந்தப் பொருளாதார அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுகிறது. தேயிலைத் தரகர்கள் வாராவாரம் ஏல அறிக்கை போடுகிறார்கள். அதில் ஊவாவுக்கெனத் தனிப் பத்தி உண்டு. பெருந்தோட்டக் கம்பனிகளில் பல கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை, காலாண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் வெளியிட்டே ஆக வேண்டும். வருமானத்தில் கூலி எத்தனை, முகாமைக் கட்டணம் எத்தனை, பங்கிலாபம் எத்தனை என்பதையெல்லாம் அவற்றில் தேடலாம். இவை ஆங்கிலத்தில் இருப்பது தடைதான். ஆனாலும் ஒரு வருமானக் கூற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஐம்பதைத் தாண்டாது. ஒரு பருவத்தில் படித்துவிடலாம். அம்மாவின் சம்பளச் சிட்டையை ஒரு கையிலும் அதே கம்பனியின் காலாண்டுக் கணக்கை மறு கையிலும் வைத்து ஓர் ஒப்படை எழுதச் சொல்லும் விரிவுரையாளர் ஒருவர் இருந்தால், அந்த வகுப்பில் பொருளியல் துணைப் பாடமா முதன்மைப் பாடமா என்று மாணவர் கேட்க மாட்டார்.

இப்போதைக்கு எழுத ஒரு தலைப்பும் கைவசம் இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்கி, அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசே தரும் என்றது. தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு அரசு திறைசேரியிலிருந்து நாள்தோறும் கொடுக்கும் பணம். 1,750 என்று தலைப்புச் செய்தி வந்தது. அந்த 200 யாருக்கான மானியம்? தொழிலாளி கையில் வாங்குவதால் அவருக்கு என்பது முதற்பார்வை. ஆனால் அரசு கொடுக்கிறது என்ற நிம்மதியில் நிர்வாகம் அடுத்த பேச்சில் தன் பங்கை உயர்த்தத் தேவையில்லாமல் போனால், அதில் ஒரு பகுதி கம்பனியின் கணக்குக்குத்தான் போகிறது. மரக்கறித் தோட்டக்காரர் போட்டிக்கு நிற்கும் வெலிமடையில் அது தொழிலாளியிடமே நிற்கக்கூடும், போட்டி இல்லாத மடுல்சீமையில் நழுவக்கூடும். வரவுக்குக் கொடுப்பதால், 2019இல் நீக்கப்பட்ட அந்த 60 ரூபா வேறு பெயரில், வேறொருவர் செலவில் திரும்பி வந்திருக்கிறது என்றும் வாதிடலாம். இரண்டு தோட்டம், இரண்டு ஆண்டுச் செக்ரோல், கம்பனிகளின் காலாண்டுக் கணக்கு ஆகியவை போதும். புவியியலை முதன்மையாகவும் பொருளியலைத் துணையாகவும் எடுத்த ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி இந்தக் கேள்விக்கு விடை எழுதிவிடலாம்.